வெளியூர் உறுப்பினர்

"வந்துட்டாக பாருங்க. நம்ம சாம்பார் வாசம் கூடலூர் வரைக்கும் அடிக்குது போல."

தலைவர் தங்கபாண்டி குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். உத்தமபாளையம் சேவைச் சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது.

வாசலில் அய்யாத்துரை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியவர். சட்டைப்பையில் சங்கத்து பேட்ஜ். யாரையும் பார்க்காமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"இவரு ஏண்ணே வாராவாரம் இங்கன வர்றாரு?" என்றார் சுருளிராஜன். செயலராகப் பொறுப்பேற்று அவருக்கு இது முதல் கூட்டம்.

"கூடலூர் கிளை உறுப்பினர். சொந்த ஊர்க் கூட்டத்துக்குப் போக முடியாதவுக அடுத்த ஊர்க் கூட்டத்துல உக்காந்து கையெழுத்து வாங்கிக்கலாம்னு சங்கத்துல ஒரு சட்டம் இருக்குல்ல? அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. திங்கள் தேனி, செவ்வாய் போடி, புதன் இங்கன, வியாழன் கம்பம். நாலு நாளைக்கு அடுப்பு பத்த வைக்க வேணாம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுருளிராஜனும் சிரித்தார்.

வெளியூர் உறுப்பினருக்கு இரண்டு நிமிடம் மைக் கொடுப்பது வழக்கம். அய்யாத்துரை எழுந்தார்.

"தொண்ணூத்திரெண்டுல எங்க கூடலூர் கிளை ஒரு கண் சிகிச்சை முகாம் நடத்துச்சு. நானூறு பேரு. மலையில இருந்து ஜீப் ஜீப்பா..."

"போன வாரம் முந்நூத்தம்பதுன்னாரு. வளந்துக்கிட்டே போகுது" என்றார் தங்கபாண்டி. முன்வரிசையில் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தியில் அய்யாத்துரை நிதானமாகச் சாப்பிட்டார். இடது பக்கம் இருந்தவரிடம் மழை பற்றிக் கேட்டார். வலது பக்கம் இருந்தவரிடம் திராட்சை விலை கேட்டார். இருவரும் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். கை கழுவிவிட்டு வந்து, வருகை அட்டையைச் சுருளிராஜனிடம் நீட்டினார்.

"உங்க ஊர்க் கூட்டத்துக்கு நீங்க போறதே இல்லையா?" கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார் சுருளிராஜன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி."

அவர் படியிறங்கியதும் தங்கபாண்டி வந்தார். "அந்த ஊர் செயலருக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிருங்க. மூஞ்சிக்கு நேரா நாம சொன்னா நல்லாருக்காது."

மறுநாள் காலையில் சங்கத்தின் பழைய கையேட்டைப் புரட்டி, கூடலூர் கிளையின் எண்ணைக் கண்டுபிடித்தார் சுருளிராஜன். என்ன பேசுவது என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"வணக்கம். சேவைச் சங்கம், கூடலூர் கிளை."

"உத்தமபாளையம் செயலர் பேசுறேன். உங்க கிளையில அய்யாத்துரைன்னு ஒருத்தர் இருக்காரே, அவரைப் பத்தி ஒரு புகார். ரத்த தான முகாம், மரம் நடுறது, எதுலயும் பார்த்ததில்ல. பந்தியில மட்டும் பார்க்கிறோம். நாலு ஊர்லயும் சிரிக்கிறாங்க. நீங்கதான் கூப்பிட்டுக் கண்டிக்கணும்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"ஒரு நிமிசம் தம்பி, குறிச்சுக்கிறேன். 'பந்தியில மட்டும்'... சரி. அடுத்து?"

சுருளிராஜனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. நேற்று அட்டையை நீட்டியவரின் குரல் அது.

போனை வைத்துவிடலாம்தான். ஆனால் அங்கே ஒருவர் பேனாவோடு காத்திருந்தார்.

"ஐயா... உங்க கிளையில மொத்தம் எத்தனை பேரு?"

"எம்பத்தாறுல ஆரம்பிச்சப்ப இருபத்திரெண்டு. சில பேரு காலமாயிட்டாக. மத்தவுக மகன் வீடு, மக வீடுன்னு கோயம்புத்தூர், பெங்களூரு போயிட்டாக. இப்ப அவரு ஒருத்தர்தான்."

'அவரு' என்றேதான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஆனா ஹாலைத் திறந்து, நாற்காலியைத் தொடச்சுப் போட்டு உக்காந்திருப்பாரு. மூணு பேரு இருந்தாத்தான் அதைக் கூட்டம்னு எழுத முடியும். வருகையே இல்லைன்னா கிளையை மூடிருவாக. அதுக்குத்தான் வெளியூர்க் கையெழுத்து."

"அது வாரத்துக்கு ஒண்ணு போதுமே." கேட்க நினைத்ததல்ல, வாயில் வந்துவிட்டது.

"போதும் தம்பி."

பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"மிச்ச மூணு நாளு... நாலு பேரோட பேசிக்கிட்டே சாப்பிடணும்னு அவருக்கு ஒரு ஆசை. அது தப்புதான். இனி வரமாட்டாரு. நான் சொல்லிர்றேன்."

சுருளிராஜனுக்கு இருபது வருடம் சிங்கப்பூர். மனைவியும் மகனும் இன்னும் அங்கேதான். வேலையை விட்டு ஊருக்கு வந்து ஒரு வருடமாக டி.வி.யைப் போட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். தான் சங்கத்தில் சேர்ந்ததே அந்தப் புதன்கிழமைச் சாப்பாட்டுக்காகத்தான் என்பதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாங்கய்யா. புகாரை அடிச்சிருங்க. எனக்கும் எங்க தலைவருக்கும் இந்த மாசம் வருகை குறையுது. வெளியூர்க் கையெழுத்து வாங்கணும். வெள்ளிக்கிழமை அங்கன எத்தனை மணிக்குக் கூட்டம்?"

மறுபடி காகிதம் புரண்டது.

"ஏழு மணிக்கு."

பிறகு அய்யாத்துரை கேட்டார்:

"எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்லட்டும் தம்பி?"