நாய்க்கு வைத்த சந்தனம்

கேரவன் வண்டியைக் காட்டெருமைச் சரணாலயத்தின் வேலியோரம் நிறுத்திவிட்டு, 'வனவிலங்குகளின் காவலர்' அமரர் பண்ணையாரின் அருங்காட்சியகத்துக்குள் வேலம்மாளைக் கூட்டிவந்தான் அவள் மகன். சுவர் முழுக்க அந்தக் காவலர் சுட்ட காட்டெருமைத் தலைகள். மாலை போட்ட புகைப்படத்தில் பண்ணையாருக்கும் அவருடைய நாய்க்கும் நெற்றியில் சந்தனப் பொட்டு. கீழே நாயின் பெயர்கூட இருந்தது.

"ஓரத்துல துப்பாக்கியச் சுமந்துகிட்டு நிக்கிறது யாரு தம்பி?" தெரிந்தேதான் கேட்டாள்.

"யாரோ எடுபிடிங்கம்மா," என்றான் வழிகாட்டி. "அடுத்த வேட்டையில எருமை முட்டிச் செத்துட்டானாம். நல்லவேளை, நாய் பொழச்சிருச்சு."

"செத்துட்டாருன்னு சொல்லு. அவரு எங்கப்பா. அவருக்கும் ஒரு பொட்டு வையி."

"சந்தனம் குடும்பத்துக்கு மட்டுந்தாங்கம்மா."

"அப்ப நாய் அவங்களுக்கு என்ன முறை?" என்றபடி, அவன் தடுப்பதற்குள் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள் வேலம்மாள்.