பதினாறாம் வட்டாரத்துப் பிள்ளை

பள்ளிக்கூட வாசலில் லோறன்ஸ் குனிந்து மகளின் தலைமுடியை மறுபடியும் முகர்ந்து பார்த்தார். காலையில் இரண்டு தரம் ஷாம்பூ போட்டும் அவருக்குத் திருப்தியில்லை.

"கீழ்க்கடை றோல் பொரிக்கிற மணம் இன்னும் கிடக்கு. உள்ளுக்கை போய் ஒருத்தருக்கும் கிட்ட நிக்காதை. எங்கை இருக்கிறம் எண்டு கேட்டால்?"

"ஸ்ரனிஸ்லாஸ் மாமா வீட்டிலை. பதினாறாம் வட்டாரம்," என்றாள் பிரியதர்சினி, நிலத்தைப் பார்த்தபடி.

பாரிஸில் தமிழ்க் கடைகளும் வசதி குறைந்த குடும்பங்களும் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டே லா சப்பலைக் கண்டால் முகம் சுளிக்கிற மனிதர் லோறன்ஸ். விதிப்படி பிள்ளை அடுத்த வருடம் போகவேண்டியது வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கொலேஜுக்கு, அதாவது அரசாங்க நடுநிலைப் பள்ளிக்கு. அந்த வாசலை மகள் மிதித்தால் தன் வாழ்க்கையே வீண் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். அதனால்தான் மச்சான் ஸ்ரனிஸ்லாஸின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி பணக்காரர் வாழும் பதினாறாம் வட்டாரத்திலுள்ள அவருடைய விலாசத்தை வாங்கிக்கொண்டு, அங்கேயே இருக்கும் இந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் இலக்க மெட்ரோவில் கடைசி நிறுத்தம்வரை வந்திருந்தார்.

"அரசாங்கக் காசிலை நடக்கிற இடத்திலை அரசாங்கக் காசிலை சீவிக்கிறதுகளின்ரை பிள்ளையள்தான் படிக்கும்," என்று கோயிலடியில் நின்று சொல்வார். இந்தத் தனியார் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கும் மாதம் முடிய அரசாங்கம்தான் சம்பளம் போடுகிறது என்பதோ, சம்பளம் போடுகிறவன் நிபந்தனையும் போடுவான் என்பதோ அவருக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டு அறிவது அவர் தரத்துக்குக் குறைவு.

வரவேற்பறையில் இருந்த பெண் முகம் மலர எழுந்தாள். "லா சப்பல் பக்கமிருந்தா வருகிறீர்கள், ஐயா?"

லோறன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுத்த தோலைக் கண்டால் உடனே லா சப்பல்தானா? "இல்லவே இல்லை, மதாம். பதினாறாம் வட்டாரம்," என்று தன் ஆகத் திருத்தமான பிரெஞ்சில் சொன்னார். அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அவர்கள் கட்டடத்திலேயே முதலாம் மாடியில் இருக்கிற, மரக்கறிக் கடையில் வேலை செய்கிற யசோதா, நெற்றியில் திருநீறும் கையில் கடைப் பையுமாக மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"லோறன்ஸ் அண்ணை, நீங்களும் வந்தனீங்களே?"

லோறன்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பர்தோன், மதாம்?" என்று தெரியாதவளிடம் கேட்பதுபோலப் பிரெஞ்சில் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பினார்.

யசோதா ஒரு மூலையில் போய் இருந்தாள். அவள் மகன் தனூஜன் பிரியதர்சினியின் வகுப்புத்தான். அவன் கையசைத்தான். தூக்கிய தன் கையைத் தகப்பனின் பார்வை பட்டதும் பிரியதர்சினி கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

திருநீறு பூசிக்கொண்டு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாளே, இதுகளுக்கு எங்கே எதற்குப் போவதென்று ஒரு விவஸ்தை வேண்டாமா என்று லோறன்ஸ் உள்ளுக்குள் சிரித்தார்.

அதிபர் அம்மா பிரியதர்சினியின் புள்ளிகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "மிக நல்ல மாணவி." பிறகு விலாசத்தைப் பார்த்தார். "லா சப்பல் போன்ற இடங்களில் உங்களுக்கு வீடு, குடும்பம் ஏதும் இல்லையா?"

அவர் குரலில் இருந்த ஆவலை லோறன்ஸ் கவனிக்கவில்லை. சோதிக்கிறா என்றுதான் நினைத்தார். "அந்தப் பக்கம் நாங்கள் காலே வைப்பதில்லை, மதாம். அங்கே இருப்பவர்கள் வேறு மாதிரியான ஆட்கள்."

அதிபர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். இடம் வந்தால் அறிவிக்கிறோம்."

மெட்ரோ மேடையில் லோறன்ஸ் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "பெரிய இடங்களிலை முதலிலை உப்பிடித்தான் சொல்லுவினம். லா சப்பல் எண்டு தெரிஞ்சிருந்தால் வாசலோடை கலைச்சிருப்பினம்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. தனூஜன் ஓடிவந்து, தனக்கு இடம் கிடைத்துவிட்டதென்று அவளிடம் பிரெஞ்சில் கத்தினான். பின்னால் யசோதா மூச்சு வாங்க வந்தாள்.

வீட்டுக்குப் போக வேறு மெட்ரோ இல்லை. இந்த முறை லோறன்ஸுக்குத் தமிழ் வந்தது.

"இடம் கிடைச்சிட்டுதோ? உமக்கோ?"

"ஓம் அண்ணை. மதாம் எழும்பி வந்து கையைப் பிடிச்சவ."

ஒரு மரக்கறிக் கடைக்காரிக்கு இவ்வளவு தந்திரமா என்று லோறன்ஸின் உதடு கோணியது. தன்னுடையதைவிடப் பெரிய இடத்து விலாசம் ஒன்றை எங்கோ பிடித்திருக்கிறாள்.

"சும்மா சொல்லும். ஆற்றை விலாசம் குடுத்தனீர்?"

யசோதா விளங்காமல் அவரைப் பார்த்தாள்.

"என்ரை வீட்டு விலாசம்தான் அண்ணை. லா சப்பல் மாதிரி இடத்துப் பிள்ளையளைச் சேர்த்தால்தானாம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இனி அரசாங்கம் காசு குடுக்கும்."