செம்பேரி குறித்த பதிலுரை

“செம்பேரிக் கரை உடையாது” என்று நீர்வளத்துறை அமைச்சர் மாசிலாமணி பேரவையில் சொன்னதும் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு வந்தது. ‘கரை உடைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும்.’ படிக்கத்தான் வாயெடுத்தார். வேறு பேச்சு வந்தது. சீட்டை இரண்டாக மடித்துக்கொண்டு, முந்தைய ஆட்சியில் மதகுகள் கிடந்த நிலையைச் சொன்னார். நான்காக மடித்துக்கொண்டு, கரையில் அடுக்கிய மணல் மூட்டைகளைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேசை தட்டப்பட்டது. சீட்டு நகத்தளவு ஆனபோது அவரிடம் பேச எதுவும் மிச்சமில்லை. உட்கார்ந்தார்.

எதிர்க்கட்சி வரிசையிலிருந்து செம்பேரித் தொகுதி உறுப்பினர் வேலுத்தாய் எழுந்தார். “தலைவர் அவர்களே, கரை உடையாதுன்னு அமைச்சர் சொன்னதுமே வெளிய போய் ஊருக்குப் போன் பண்ணிட்டு வந்தேன். மூணு நாளா மேட்டுப் பள்ளிக்கூடத்துல கிடந்த சனங்கள வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். அமைச்சருக்கு நன்றி.”

மாசிலாமணி எழுந்துவிட்டார். “போக வேண்டாம்னு சொல்லும்மா” என்றார். அவருடைய மைக்கை அணைத்திருந்தார்கள். எதிர்க்கட்சியே நன்றி சொல்லிவிட்ட மகிழ்ச்சியில் அவருடைய கட்சிக்காரர்கள் இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பத் திரும்ப அதையே கத்தினார். நடுமேசையிலிருந்த சுருக்கெழுத்தர் அவருடைய வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்: (மேசையைத் தட்டும் ஒலி).