அரை டேங்க்

"சொட்டு பெட்ரோல் இல்லாம வண்டியை ஓட்டினா பம்ப் சூடாகி எரிஞ்சுடும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" தெருவோரம் நின்றுபோயிருந்த காருக்குள் தலையை விட்டபடியே மெக்கானிக் திட்டினார்.

வண்டிக்குச் சொந்தக்காரர்களான கணவனும் மனைவியும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஐந்து லிட்டர் ஊற்றிச் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது.

"தப்பிச்சீங்க, பம்ப்புக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா இந்தப் பெட்ரோல் முள், டேங்க் காலியானாலும் பாதி இருக்குன்னுதான் காட்டுது. ஆறு மாசமா சொல்றேன், இன்னைக்காவது மாத்திடவா?"

"வேண்டவே வேண்டாம்!" என்றாள் மனைவி அவசரமாக.

"ஏம்மா?"

கணவன் நிம்மதியாகச் சிரித்தான். "இந்த முள்ளை நம்பித்தாண்ணே, காலையில எங்க காரைத் திருடினவன் நாலு தெருகூடத் தாண்டாம விட்டுட்டு ஓடியிருக்கான்!"