ஐந்தாம் வகுப்பு கோர்ட்டுக்குப் போனது

பஸ் காளியம்மன் கோயிலைத் தாண்டும்போது முத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, எங்கப்பா பேரை மட்டும் கூப்பிட்டுறக் கூடாது" என்று வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டாள்.

அவள் அப்பா மருதப்பன் போன வாரம்தான் விளக்கில்லாத சைக்கிளில் வந்து சிராங்கூன் ரோட்டில் போலீஸில் மாட்டியிருந்தார். கேஸ் என்றைக்கு என்று வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்கென்று பார்த்து அருளானந்தம் வாத்தியார் ஐந்தாம் வகுப்பு முழுவதையும் கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்.

"புத்தகத்துல படிச்சா மண்டையில ஏறாது. நீதி எப்படி நடக்குதுன்னு நேர்ல பாக்கணும்!" என்று கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே வாத்தியார் முழங்கினார். "இன்னைக்கு சைக்கிள் கேஸு. விளக்கு இல்லாமப் போனா என்ன ஆகும்னு கண்ணால பாருங்க."

அவர் சொல்லலாம். அவருடைய சைக்கிளில் போன வாரம் வாங்கிய புது விளக்கு பளபளவென்று மின்னுகிறது. அப்பாவும் அப்படி ஒன்று வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா என்று முத்தாயிக்கு அழுகையாக வந்தது.

அழாமல் என்ன செய்வாள்? மாமா ரோட்டில் துப்பி அபராதம் கட்டினார் என்பதற்காக வடிவேலுவை ஒரு வாரம் பெஞ்சு மேல் நிற்க வைத்தவர் இந்த வாத்தியார். சொந்த அப்பா என்றால் வருஷம் முழுக்க நிற்க வேண்டியதுதான்.

தலைமையாசிரியர் துரைசாமியாவது இதைத் தடுத்திருக்கலாம். அரை நாள் லீவு கேட்டால்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். ஆனால் 'செயல்முறைக் கல்வி' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கோர்ட்டு வாசலில் வாத்தியார் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்.

"வடிவேலு!"

"உள்ளேன் ஐயா!"

"மைமூன்!"

"உள்ளேன் ஐயா!"

"முத்தாயி!"

காற்றுப் போன டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்ன முனகுற? பேரைக் கூப்பிட்டா கையக் கட்டிக்கிட்டு, நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லணும். கவர்னர் கூப்பிட்டாலும் அப்படித்தான்!" என்று அதட்டினார். "அப்புறம் கேளுங்க. பதினோரு மணிக்கு எல்லாரும் வெளியில போய் பன்னு சாப்பிடணும். நான் மட்டும் உள்ளயே உக்காந்து குறிப்பு எடுப்பேன்."

உள்ளே வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கூவுவதும், ஒரு ஆள் தலையைச் சொறிந்துகொண்டே கூண்டில் ஏறுவதும், அபராதத்தோடு இறங்குவதுமாக வேலை நடந்தது.

ஒவ்வொரு ஆளுக்கும் வாத்தியார் 'உச்' கொட்டினார். "பாத்தீங்களா? பேரைக் கூப்பிட்டா வாயத் திறக்கத் தெரியல. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஜென்மங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் முறைத்தார். முத்தாயி மட்டும் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரவேண்டியவர்களில் ஆறு பேர் வரவில்லை. அதனால் பெயர்கள் மளமளவென்று ஓடின. சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால்தான். மேலே காற்றாடி நன்றாகவே சுற்றியும் வாத்தியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் அடுத்த தாளைப் புரட்டித் தொண்டையைச் செருமினார். முத்தாயிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கண்ணை இறுக மூடி, இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மைமூன் அவள் விலாவில் இடித்தாள்.

முத்தாயி விரலை எடுத்தாள். "எங்கப்பாவா?"

"உங்கப்பா இல்ல லா. அங்க பாரு!"

வகுப்பு மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. பெஞ்சுக் கோடியில் அருளானந்தம் வாத்தியார் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"உள்ளேன் ஐயா!"