இரைச்சல் வேண்டும்

"அந்த எரச்சல் இல்லாம நான் பாட மாட்டேன் மாஸ்டர்."

அகஸ்டினா பாட்டுப் புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். றொபின்சனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மைக்கில் இரைச்சல் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பாடகிகளை அவன் பண்டாரவளையில் நிறையப் பார்த்திருக்கிறான். இரைச்சல் இல்லையென்று அடம்பிடிப்பவளை இப்போதுதான் பார்க்கிறான்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் பாடகர் குழுவுக்கு அவன் மாஸ்டராக வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அங்கிருந்த பழைய அம்ப்ளிபயர் எந்நேரமும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். பாட்டையும் விடாது, பூசையையும் விடாது. முன்பிருந்த மாஸ்டருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இன்று கோயில் திருநாள். விடியற்காலையிலேயே வந்து, ஒரு ஸ்குரூ டிரைவரையும் குறடையும் வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் அந்த முனகலை நிறுத்திவிட்டான். மைக்கைத் தட்டிப் பார்த்தபோது விரல் நுனி லேசாகச் சுருக்கென்றது. பூனாகலைக் குளிர் அப்படி என்று கையை உதறிக்கொண்டான்.

ஆளாளுக்குப் பாராட்டுவார்கள் என்று காத்திருந்தவனுக்குக் கிடைத்தது இதுதான்.

"அக்கா, இன்னும் பத்து நிமிசத்துல ஃபாதர் வந்துருவாரு. வெளையாடாதீங்க."

"நான் வெளையாடல. அத எப்புடி நிப்பாட்டுனீங்க?"

"அது தொழில் ரகசியம்" என்று சிரித்தான் றொபின்சன்.

"அப்ப நான் பாடல."

பாடகர் குழுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஷாலினி மெல்ல அவன் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா ஒரு வருசமா இப்புடித்தான் மாஸ்டர். நீங்க கண்டுக்காதீங்க."

றொபின்சனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு ஒரு நல்ல காரியம் செய்தால் இப்படியா?

"சரி, நீங்க பாட வேணாம். டிலானி, நீ வா. அக்காவோட பாட்ட நீ பாடு."

டிலானியின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு பாட்டுக்காக எத்தனை திருநாள் காத்திருந்தாளோ! செருப்புகளெல்லாம் வழக்கம்போல வாசலில் கிடந்தன. காலையில் கழுவிவிட்ட சிமெந்துத் தரை பனியில் இன்னும் காயவில்லை. ஈரத்தில் வெறுங்கால் வைத்து மைக்கை நோக்கி ஓடி வந்தாள்.

அதற்குள் அகஸ்டினா முந்திக்கொண்டாள். மைக்கில் படாமல் அதன் முன்னால் போய், இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"தொடாத!"

சம்பளப் போராட்டத்தில் தோட்டத்துத் துரையின் ஜீப்பையே மறித்த பெண் என்று றொபின்சன் கேள்விப்பட்டிருந்தான். எப்படி மறித்திருப்பாள் என்று இப்போது தெரிந்தது.

டிலானிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒரு சான்ஸ் கெடச்சா ஒங்களுக்குப் பொறுக்காதா அக்கா?"

"பொறுக்காதுன்னே வச்சுக்க. தொடாத."

"பொறாமைக்கும் ஒரு அளவு இருக்கு" என்றான் றொபின்சன். "கோயில்ல நிக்கிறோம். தள்ளுங்க."

"தள்ள மாட்டேன்."

"நானே எடுத்துக் குடுக்கிறேன். என்ன செய்றீங்கன்னு பாப்போம்." அவளைச் சுற்றிக்கொண்டு மைக்குக்குக் கை நீட்டினான்.

அகஸ்டினா சுவரோரம் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தாள். அம்ப்ளிபயரின் சிவப்பு லைட் அணைந்தது. பின்வரிசை வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஒங்களுக்கு என்னதான் வேணும்?" றொபின்சன் கத்தியே விட்டான்.

"எப்புடி நிப்பாட்டுனீங்கன்னு எனக்குக் காட்டணும்."

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பச்சை வயர்த் துண்டு.

"இந்தா பாருங்க! ப்ளக்குக்குள்ள சும்மா கெடந்துச்சு. வெட்டி எடுத்தேன், எரச்சல் நின்னுருச்சு. போதுமா?"

அகஸ்டினா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பக்கங்களுக்கு நடுவே இன்னொரு பச்சை வயர்த் துண்டு இருந்தது. அதே நீளம், அதே வெட்டு.

"போன வருசம் இதே திருநாளுக்கு ஒருத்தரு இந்த எரச்சல நிப்பாட்டுனாரு மாஸ்டர். எல்லாரும் கைதட்டுனாங்க. ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு மைக்கப் புடிச்சாரு. விழுந்தவரு எந்திரிக்கல. மாரடைப்புன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. கரண்டு, கரண்டுன்னு நான் கத்துனேன், யாரும் காதுல போட்டுக்கல. நானே டவுன்ல இருந்து ஆளக் கூட்டியாந்து, கரண்ட மண்ணுக்கு எறக்குற அந்த எர்த் வயரப் புதுசாப் போட வச்சேன். எரச்சலும் திரும்ப வந்துச்சு. அது கேக்குற வரைக்கும் இங்க யாரும் சாக மாட்டாங்கன்னு எனக்கு ஒரு நிம்மதி."

றொபின்சன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். வெறுங்கால். பாதமெல்லாம் ஈரம்.

"யா... யாரு அக்கா அது?"

அகஸ்டினா தன்னிடமிருந்த துண்டை எடுத்து, அவன் உள்ளங்கையில் கிடந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரு சட்டைப் பையில இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில எடுத்துக் குடுத்தாங்க. ஒங்களுக்கு முந்தி இங்க அவருதான் மாஸ்டர்."