மயிரிழை குறைந்த ஹெர்குலிஸ்

இத்தாலியின் பாதுவா நகரத்து வார்ப்புப் பட்டறையில் உலை வெளிச்சம் மட்டும் அசைகிறது. பிரபுவின் காரியஸ்தர் ஒர்ஸாத்தோ உள்ளங்கையளவு வெண்கலத் தகடுகள் இரண்டை மேசைமேல் வைக்கிறார். இரண்டிலும் ஹெர்குலிஸ் சிங்கத்தின் கழுத்தை நெரிக்கிறான். ஒன்று, பிரபு மெருகேற்றக் கொடுத்த தகடு இதுதான் என்று சொல்லி வார்ப்பாளன் ஸுவானே திருப்பித் தந்தது. மற்றது, ஸுவானே விற்று, வெனிஸ் வியாபாரி ஒருவனிடம் பிடிபட்ட அசல். ஒர்ஸாத்தோ முதலாவதை அசலின்மேல் பொருத்துகிறார். சுற்றிலும் மயிரிழை அகலத்துக்கு அசலின் விளிம்பு மின்னுவதை ஸுவானே பார்க்கிறான். “அசல்லேர்ந்து அச்செடுத்து வெண்கலம் ஊத்துனா ஆறும்போது சுருங்கும்னு போன வருஷம் நீதானப்பா பெருமையடிச்சே?” ஸுவானேயின் விரல்கள் தோலாடையில் கரியைத் துடைத்துக்கொண்டே இருக்கின்றன. “அச்செடுத்த மெழுகுல கோளாறா இருக்கும், ஐயா.” “பிரபுகிட்டயே வந்து சொல்லு.” காரியஸ்தர் விரல் விரலாகக் கையுறை மாட்டுகிறார். “உலை எரியட்டுமா ஐயா? திரும்பி வந்து ஊத்த வேண்டியது இருக்கு.” ஒர்ஸாத்தோ உலையைப் பார்க்கிறார். “அணைச்சிடு.”